மிதக்கும் குடித்தனம்

நுழையும்முன்

கடல்வழி வணிகத்தைப் பற்றியும் கடற்போர்களைப் பற்றியும் நிறையப் படிக்கிறோம். கலத்தில் இருந்தவர்கள் எதைச் சமைத்தார்கள், எங்கே உறங்கினார்கள், கலம் ஒழுகாமல் எவ்வாறு காத்தார்கள் என்பன நம் காதுக்கு அரிதாகவே எட்டுகின்றன. கடலூர்க் கரையில் நின்றுகொண்டு அந்த அன்றாட வாழ்வை விளக்குகிறது இக்கட்டுரை.

மேல்பட்டாம்பாக்கம் கடலோர ஊர் அன்று. வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கெடிலமும் ஓட, கரும்பு வயல்கள் சூழ்ந்திருக்கும் உள்நாட்டுப் பேரூர் அது. கிழக்கே பதினைந்து, இருபது கிலோமீட்டர் சென்றால்தான் கடற்காற்று முகத்தில் படும். இத்தகைய ஊர்களின் வகுப்பறைகளில், "படகில் செல்வோர் என்னென்ன வேலை செய்வார்கள்?" என்று கேட்டுப் பார்த்ததுண்டு. "வலை வீசுவார்கள், மீன் பிடிப்பார்கள்" என்னும் இரண்டு விடைகளோடு வகுப்பு அமைதியாகிவிடும். ஒருமுறை மட்டும் ஒரு மாணவி மூன்றாவதாக ஒரு விடை கூறினார்: "தண்ணீர் இறைப்பார்கள்." வகுப்பு சிரித்தது. ஆனால், அன்று கிடைத்த விடைகளுள் மிகச் சரியானது அதுவே.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன்கள் இனம்பெருக்கும் காலம் என்பதால் அரசு விதித்துள்ள தடை இது. 2001 ஆம் ஆண்டில் 45 நாள்களாகத் தொடங்கிய இத்தடை பின்னர் 61 நாள்களாக நீட்டிக்கப்பட்டது. அந்நாள்களில் கடலூர் முதுநகரின் ஆற்றங்கரைக்குச் சென்று பாருங்கள். நீரில் பாதி மறைந்தே நமக்குப் பழக்கமான படகுகள், கரையேறி முழு உருவத்துடன் நிற்கும். அடிப்பகுதியில் ஒருவர் சுரண்டிக்கொண்டிருப்பார். இன்னொருவர் உளியும் சுத்தியலும் கொண்டு பலகை இடுக்கில் பஞ்சுத்திரியைச் செலுத்திக்கொண்டிருப்பார். மேலே பொறியைக் கழற்றிப் பரப்பியிருப்பார்கள். நிழலில் நால்வர் அமர்ந்து வலையின் கிழிசல்களைக் கண்ணி கண்ணியாகப் பின்னுவார்கள்.

'தடைக்காலம் மீனவர்க்கு ஓய்வுக்காலம்' என்று கரையிலிருப்போர் எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். கடலில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்துவந்த வேலையின் எஞ்சிய பெரும்பகுதியே அங்கு நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு படகின் உள்ளே

கடலூரிலிருந்து புறப்படும் விசைப்படகுகளில் விடியுமுன் சென்று மாலையில் திரும்புவனவும் உண்டு. சில நாள்கள் கடலிலேயே தங்குவனவும் உண்டு. தங்கும் படகு ஒரு வீடு. அதன் நீளம் ஐம்பது, அறுபது அடி இருக்கலாம். அதில் ஆறு முதல் பத்துப் பேர் வாழ வேண்டும். முன்பகுதியாகிய அணியத்தில் கயிறுகளும் நங்கூரமும் கிடக்கும். சுக்கான் பிடிப்பவர் நிற்கும் அறை ஒன்று உண்டு. அதன் பின்புறம் ஆள் ஒருவர் காலை நீட்ட முடியாத அகலத்தில் ஒன்றிரண்டு படுக்கைப் பலகைகள் இருக்கும். கீழே பொறி அறை. அதையடுத்து மீனும் பனிக்கட்டியும் வைக்கும் கிடங்கு. எஞ்சியிருப்பது திறந்த தளம். சமையல், சாப்பாடு, மீன் தரம்பிரித்தல், வலை பழுதுபார்த்தல், உறக்கம் ஆகிய எல்லாவற்றிற்கும் அந்த ஒரு தளமே இடம். கழிப்பறை இல்லாத படகுகளே மிகுதி என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இழுவலைப் படகில் பகலும் இரவும் கதிரவனால் பிரிக்கப்படுவதில்லை, வலையால் பிரிக்கப்படுகின்றன. வலையை இறக்கி இரண்டு, மூன்று மணி நேரம் இழுத்துச் செல்வார்கள். பிறகு ஏற்றுவார்கள். ஏற்றிய வலையைத் தளத்தில் அவிழ்த்ததும் அடுத்த இறக்கத்திற்கு வலை சென்றுவிடும். தளத்தில் குவிந்த மீனை வகைபிரித்து, கழுவி, கிடங்கில் பனிக்கட்டியோடு அடுக்கி, தளத்தையும் கழுவிவிட்டால் எஞ்சும் நேரமே உறங்கும் நேரம். ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் நல்ல உறக்கம் என்பார்கள். தளத்தைக் கழுவாமல் படுத்தால் என்ன? மீன் செதிலும் கொழுப்பும் படிந்த பலகையில், படகு சாயும்போது கால் வழுக்கும். அருகில் இரும்புக் கம்பிவடத்தை இழுக்கும் உருளை சுழன்றுகொண்டிருக்கும். வீட்டுக் கூடத்தைப் பெருக்காமல் விட்டால் தூசி சேரும். படகுத் தளத்தைக் கழுவாமல் விட்டால் கை, கால் போகும்.

பனிக்கட்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ பனிக்கட்டி தேவை என்பது பொதுவான கணக்கு. கட்டிகளாக ஏற்றிச் செல்லும் பனிக்கட்டியை உடைத்து, ஓர் அடுக்குப் பனிக்கட்டி, ஓர் அடுக்கு மீன் என்று மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். மீன் மீனோடு ஒட்டிக் கிடந்தால் நடுவில் வெப்பம் தங்கி அழுகல் தொடங்கிவிடும். கிடங்கினுள் குனிந்தபடி, குளிரில் விரல் மரத்துப்போக ஒருவர் இவ்வேலையைச் செய்வார். மேலே தளத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். பனிக்கட்டி உருகிய நீரோ மீனின் குருதியோடு கலந்து படகின் அடிவயிற்றில் இறங்கும். புரொப்பலர் தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்திலும் கடல்நீர் சொட்டுச் சொட்டாகக் கசியும். மழையும் அலையும் தம் பங்கைச் சேர்க்கும். ஆகவே, ஓட்டை ஏதுமில்லாத நல்ல படகிலும் அடியில் நீர் சேர்ந்துகொண்டேயிருக்கும். அதை வெளியேற்றும் பம்பு, படகின் மிக எளிய கருவிகளுள் ஒன்று. அதன் உறிஞ்சுவாயில் ஒரு பிளாஸ்டிக் துண்டோ துணிக்கந்தையோ அடைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாமலே நீர் ஏறும். சேர்ந்த நீர், படகு சாயும் பக்கமெல்லாம் தானும் ஓடி அச்சாய்வை இன்னும் பெரிதாக்கும். பல படகுகள் புயலில் கவிழ்ந்தனவாகப் பேசப்படினும், அவற்றுள் எத்தனை புயலுக்கு முன்பே அடியில் நீர் கட்டியிருந்தன என்பதைக் கடல் சொல்வதில்லை. இப்போது அம்மாணவியின் விடையை நினைத்துப் பாருங்கள்.

தண்ணீரும் அடுப்பும்

சுற்றிலும் நீர் இருக்க, அளந்து செலவிட வேண்டிய பொருளும் நீரே. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. நம் சிறுநீரகம் அவ்வளவு செறிவாக உப்பை வெளியேற்ற இயலாது. குடித்த கடல்நீரின் உப்பை வெளியேற்ற, உடலிலுள்ள நல்ல நீரையும் சேர்த்தே செலவழிக்கும். கடல்நீரைக் குடித்தவர்க்குத் தாகம் மிகுவது இதனால்தான். எனவே, பீப்பாய்களில் ஏற்றிச் செல்லும் நன்னீர் குடிப்பதற்கும் சோறு வடிப்பதற்கும் மட்டுமே. பாத்திரம் துலக்குவது, தளம் கழுவுவது, குளிப்பது எல்லாம் கடல்நீரில் நடக்கும். அரிசியையும் முதலில் கடல்நீரில் களைந்து, இறுதியில் ஒருமுறை மட்டும் நன்னீரில் அலசும் சிக்கனம் உண்டு. கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு வினைபுரிந்து திரியாகிவிடுவதால் நுரை வராது. கடலில் குளித்தவரின் தோலில் உப்புப் படிந்து அரிப்பெடுக்கும். இடுப்பிலும் அக்குளிலும் புண்ணோடு கரை திரும்புவோர் உண்டு. மழை பெய்தால் தார்ப்பாயை விரித்துப் பிடிக்க எல்லோரும் ஓடுவது அழகிய காட்சி மட்டுமன்று.

தண்ணீர் ஒரு போரின் போக்கையே மாற்றியதற்குக் கடலூரே சான்று. 1783 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த கடலூரை ஆங்கிலப் படை நிலவழியே முற்றுகையிட்டிருந்தது. ஜூன் 20 அன்று கடலூருக்கு எதிரே கடலில் ஆங்கிலத் தளபதி ஹியூஸின் 18 போர்க்கப்பல்களும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரெனின் 15 போர்க்கப்பல்களும் மோதின. எண்ணிக்கையில் மிகுந்தவர் ஹியூஸ். போரில் எத்தரப்பும் கப்பல் எதையும் இழக்கவில்லை. எனினும் ஹியூஸ் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. அவருடைய கப்பல்களில் குடிநீர் குறைந்திருந்தது. மாலுமிகள் பெருந்தொகையினர் ஸ்கர்வி நோயில் விழுந்திருந்தனர். கரையிலிருந்த முற்றுகைப் படைக்குக் கடற்பக்கத் துணை இல்லாமற்போயிற்று. ஐரோப்பாவில் அமைதி உடன்பாட்டின் முதற்கட்டம் அவ்வாண்டு சனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. அச்செய்தி வங்கக் கடலை வந்தடைவதற்குள் இத்தனையும் நடந்து முடிந்தது.

ஸ்கர்வி, ஊட்டச்சத்துக் குறைவால் வருவது. மாதக்கணக்கில் காயும் கனியும் இல்லாமல் உப்பிட்ட இறைச்சியையும் காய்ந்த ரொட்டியையும் உண்டால் ஈறு வீங்கி, பழைய புண்கள் திறந்து, உயிர் போகும். ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் 1747 ஆம் ஆண்டில் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, வெவ்வேறு உணவு கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அவ்வளவு தெளிவான முடிவு இருந்தும் ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றைப் பொதுவாக வழங்கத் தொடங்கியது 1795 இல்தான். ஹியூஸின் மாலுமிகள் கடலூருக்கு எதிரே நோயில் கிடந்தது இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில். எலுமிச்சை காய்க்கும் ஊர் கண்ணெதிரே இருந்தது.

இனி, அடுப்பு. மரக்கலத்தில் தீ மூட்டுவது எளிய செயலன்று. முற்காலத்தில் மரப்பெட்டியில் மணலை நிரப்பி, அதன்மேல் கல் கூட்டி விறகெரித்தனர். இன்று எரிவாயு அடுப்பு. பானை சரியாதிருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி கட்டியிருப்பார்கள். எரிவாயு உருளையைத் திறந்த தளத்தில் கட்டிவைப்பதே முறை. கிடங்கிலோ பொறி அறையிலோ வைப்பது தவறு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் வாசல் வழியே தரையோடு வெளியேற வாய்ப்புண்டு. படகில் கசிந்தால் அது அடிவயிற்றில் இறங்கித் தேங்கும். பொறியைக் கிளப்பும்போது எழும் ஒரு பொறி போதும். சமைப்பவர் பெரும்பாலும் குழுவிலேயே இளையவராக இருப்பார். தாயின் அடுக்களைப் பக்கம் எட்டிப் பாராத பையன், பத்துப் பேருக்குச் சோறாக்கக் கற்றுக்கொள்வது ஆடும் தளத்தில்தான். முதல் வலையில் கிடைத்த மீனே அன்றைய குழம்பு. உலை கொதிக்கும் நேரத்தில் வலை ஏறினால் அடுப்பை அணைத்துவிட்டு அவரும் கயிறு பிடிக்க ஓட வேண்டும். அரைவேக்காட்டுச் சோற்றுக்கு அவரைக் கடிந்துகொள்பவர் யாருமில்லை என்று கேள்வி.

மரத்தைத் தின்னும் உயிர்கள்

படகைப் பேணும் வேலைகளில் மிகப் பழமையானதும் மிகக் கடினமானதும் அடிப்பலகையைக் காப்பது. வெளியே தெரியும் பகைவன் கொட்டலசு. சுண்ணாம்பு மொக்குப் போல் பலகையில் ஒட்டிக்கிடக்கும் இவ்வுயிர், இறால், நண்டுகளின் இனத்தைச் சேர்ந்தது. இளம்பருவத்தில் நீந்தித் திரிந்து, ஓரிடம் கண்டதும் தலையை ஊன்றித் தானே சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்ளும். பிறகு வாழ்நாள் முழுவதும் நகராது. ஆயிரக்கணக்கில் ஒட்டியபின் படகின் அடிப்பகுதி சொரசொரப்பாகி நீரில் வழுக்கிச் செல்லாது. அதே தொலைவிற்குக் கூடுதல் டீசல் எரியும். சுரண்டும் வேலை இதற்காகத்தான்.

உள்ளே மறைந்திருக்கும் பகைவன் கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். அதன் ஓடு இரண்டும் தேய்ந்து, உடலின் முன்முனையில் மரம் அறுக்கும் பற்களாக மாறியுள்ளன. குண்டூசி முனையளவு துளையிட்டு நுழையும் இளம் உயிர், மரத்தைத் தின்றுகொண்டே உள்ளேயே விரல் பருமனுக்கு வளர்ந்து நீண்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்க்குப் பலகை நன்றாகவே தோன்றும், உள்ளே தேனடையாகியிருக்கும். கொலம்பசின் நான்காம் பயணத்தில் அவருடைய கப்பல்களை இவ்வுயிர் அரித்துத் தள்ள, 1503 ஆம் ஆண்டில் ஜமைக்காக் கரையில் கப்பலை ஏற்றிவிட்டு ஓராண்டு காத்துக் கிடக்க நேர்ந்தது. மரத்தைக் குடைந்தபடியே துளையின் சுவருக்குச் சுண்ணம் பூசிச் செல்லும் இதன் முறையைக் கவனித்த பொறியாளர் மார்க் புருனெல், இலண்டனில் தேம்சு ஆற்றின் அடியில் சுரங்கவழி அமைக்கும் கருவிக்கு அதிலிருந்து கருத்துப் பெற்றார் என்பர். 1825 இல் தொடங்கிய அச்சுரங்கவழி 1843 இல் திறக்கப்பட்டது. ஆக, கப்பல்களைக் கவிழ்த்த உயிர் ஒரு நல்ல வேலையும் செய்திருக்கிறது.

இவ்விரு உயிர்களுக்கும் உப்புநீர் வேண்டும். கழிமுகத்தில் மழைக்கால நன்னீர் பெருகும்போது அங்கே நிற்கும் படகுகளில் அவை பெரிதும் மடிகின்றன. ஆற்றுத்துறைகளைப் பழங்காலத்தவர் விரும்பியதற்கு அலையின்மை மட்டும் காரணமாகாது. கரையேற்றி வெயிலில் உலர்த்துவது இன்னொரு வழி. கட்டுமரம் இவ்வகையில் மிக நுட்பமான அமைப்பு. கரை வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவார்கள். நீர் உறிஞ்சிக் கனத்த மரம் மீண்டும் இலேசாகும், புழுவும் குடியேறாது. பழுதானால் ஒரு மரத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பழுதுபார்க்கும் முறையையே கலத்தின் வடிவமாகக் கொண்டது அது.

பெரிய படகை அவ்வாறு அவிழ்க்க இயலாது. அதற்குப் பூச்சுத்தான் காப்பு. மீனெண்ணெய், குங்கிலியம், சுண்ணாம்பு எனப் பலவும் பயன்பட்டன. அவற்றுள் ஒன்று மேல்பட்டாம்பாக்கத்திற்கு மிக அருகிலிருந்து வருவது. மேற்கே பண்ருட்டி வட்டாரம் முந்திரிக்குப் பெயர்பெற்றது. முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து கரிய, பிசுபிசுப்பான எண்ணெய் ஒன்று வடிகிறது. பூச்சியும் பூஞ்சையும் அண்டாத காரம் அதற்குண்டு. மரக்கலங்களுக்கும் பருத்தி வலைகளுக்கும் அதைப் பூசும் வழக்கம் இந்தியக் கடற்கரைகளில் நெடுநாளாக இருந்துவந்தது. கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்யும் கேரளத்தின் கெட்டுவள்ளத்திற்குக் கருநிறம் தருவதும் முந்திரியிலிருந்து காய்ச்சிய பூச்சே. அந்தக் காரம் மனிதத் தோலையும் விடுவதில்லை. பண்ருட்டிப் பக்கத்தில் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டே வேலைக்கு அமர்கிறார்கள். அப்படியும் விரல் தோல் கருகி உரிகிறது. கடலையே பார்த்திராத கைகளும் கலத்தைக் காப்பதில் பங்கு கொண்டிருக்கின்றன.

பலகைகளின் இடுக்கை அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். முறுக்கிய பஞ்சை உளியால் இடுக்கில் அடித்துச் செலுத்தி, மேலே பூச்சிட்டு மூடுவார்கள். பஞ்சு குறைந்தால் ஒழுகும். அளவுக்கு மிஞ்சி அடித்தாலோ, மரம் நீரில் ஊறிப் பருக்கும்போது பலகையே நெளிந்து ஆணி தளரும். சுத்தியலின் ஓசை மாறுவதைக் கொண்டே போதும் என்று அறிவார் கைதேர்ந்த தச்சர். கலம் நீரில் இறங்கிய முதல் நாளில் சிறிது கசியும். மரம் ஊறி, பஞ்சை நெருக்கிப் பிடித்தபின் கசிவு தானே நின்றுவிடும். இதை அறியாதவர் முதல்நாள் கசிவைக் கண்டு அஞ்சுவர்; அறிந்தவர் இரண்டாம் நாளும் நிற்காத கசிவைக் கண்டு அஞ்சுவர். கலப்பத்து என்ற சொல் அரபியிலும் போர்த்துக்கீசியத்திலும் உள்ள சொற்களோடு உறவுடையது. சுக்கான் அரபியிலிருந்தும் நங்கூரம் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. நம் கட்டுமரமோ ஆங்கிலம் சென்று 'கேட்டமரன்' ஆயிற்று. துறைமுகங்களில் சொற்களும் ஏற்றி இறக்கப்பட்டன. இன்று பல மரப்படகுகளுக்குக் கண்ணாடி இழைப் பூச்சு வந்துவிட்டது. கலப்பத்துத் தச்சர் குறைகிறார்கள். சொல்லும் அவர்களோடு குறைகிறது.

இரும்புப் படகுக்கு மாறினால் தொல்லை தீருமா? கப்பற்புழு தீரும், துரு வரும். கடல்நீரில் இரும்பும் புரொப்பலரின் வெண்கலமும் அருகருகே இருந்தால் மின்வேதி வினையால் இரும்பு அரிபடும். அதற்காகப் படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர். இரும்பைவிட எளிதில் அரிபடுவது துத்தநாகம் என்பதால் அது முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். கரைந்த கட்டிகளை மாற்றும் நாளும் தடைக்காலமே. வேதியியல் பாடத்தில் படித்ததை நேரில் காண விரும்பும் மாணவர் மே மாதத்தில் முதுநகர் சென்றுவரலாம்.

நெடும்பயணம்

சில நாள் தங்கலே இவ்வாறெனில், வாரக்கணக்கில் கடலில் வாழ்வோர் நிலை என்ன? குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களைச் சேர்ந்தவர்கள் ஆழ்கடல் சுறாவையும் சூரையையும் தேடி ஒரு மாதமும் அதற்கு மேலும் அரபிக்கடலில் தங்குபவர்கள். தூத்துக்குடித் தோணிகளில் இருந்தவர்களும் அத்தகையோரே. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற அம்மரக்கலங்களில் தலைவருக்குத் தண்டல் என்று பெயர். காற்று ஓய்ந்த நாள்களில் பாயைத் தைப்பதும் கயிற்றைப் புரி சேர்ப்பதும் வேலை. தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கும் மாதங்களில் தோணி துறையில் நிற்கும்; அப்போது கலப்பத்தும் பூச்சும் நடக்கும். கடலூரின் தடைக்காலத்தைப் போல, அவர்களுக்குக் காற்றே தடை விதித்தது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைத் தாக்கியபோது, குமரி மாவட்ட ஆழ்கடல் படகுகள் பல நாள்களுக்கு முன்பே புறப்பட்டுத் தொலைவில் இருந்தன. படகிலிருந்த வானொலிக் கருவியின் அலை நேர்கோட்டில் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவே செல்லக்கூடியது. கரையில் ஒலிபரப்பிய எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. திரும்பி வராதவர் பலர். இதன்பின் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. கருவி வந்தபின் ஒரு புதிய வீட்டுவேலையும் வந்தது. மின்கலத்தின் முனைகளில் பூக்கும் உப்பைத் துடைத்து, கிரீஸ் தடவி, இணைப்பை இறுக்க வேண்டும். உப்புக்காற்று செம்புக் கம்பியை ஓரிரு மாதத்தில் பச்சையாக்கிவிடும். எச்சரிக்கை வானிலிருந்து வந்தாலும், அதைக் கேட்பதற்குப் படகில் ஒருவர் காலையில் துணியும் கையுமாக மின்கலப் பெட்டியருகே குனிந்திருக்க வேண்டும்.

இவ்வேலைகளுக்குக் கூலி எவ்வளவு? விசைப்படகுகளில் மாதச் சம்பளம் கிடையாது, பங்குமுறையே வழக்கம். மீன் விற்ற தொகையில் டீசல், பனிக்கட்டி, உணவுப்பொருள் ஆகியவற்றின் செலவைக் கழித்து, எஞ்சியதைப் படகுக்கும் ஆள்களுக்கும் பங்கிடுவார்கள். வலையில் விழுந்த மீனுக்கே பங்கு உண்டு. தளம் கழுவியதற்கும் நீர் இறைத்ததற்கும் கிழிசல் பின்னியதற்கும் தனிக்கணக்கு இல்லை. தடைக்கால உதவித்தொகையை அரசு வழங்குகிறது. படகு சீரமைப்புக்கு ஆகும் செலவோ பல வீடுகளில் நகையாக அடகுக்கடைக்குச் செல்கிறது. படகின் குடித்தனமும் கரையின் குடித்தனமும் ஒரே பெட்டியில் கைவைப்பவை. ஊறுகாய், மிளகாய்த்தூள், புளி ஆகியவற்றைப் பொட்டலம் கட்டி அனுப்பும் கைகளும் அப்பெட்டியைப் பூட்டித் திறக்கும் கைகளும் பெரும்பாலும் பெண்களுடையன.

ஜூன் 14 மாலை கடலூர்த் துறை மாறிவிடும். கரையில் நின்ற படகுகள் புதுச்சாயத்துடன் நீரில் நிற்கும். லாரிகளிலிருந்து பனிக்கட்டிகள் சறுக்குப் பலகை வழியே கிடங்கினுள் விழும். டீசல் நிரப்புவார்கள், வலையைச் சுருட்டி ஏற்றுவார்கள். அடிப்பலகையில் ஈரம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ஒருவர் கைவிளக்கோடு இறங்கிப் பார்ப்பார். குடிநீர்ப் பீப்பாய்களுக்கு மூடி போட்டு, எரிவாயு உருளையைக் கயிற்றால் இரண்டு சுற்றுக் கட்டி, தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து செருகிய பின்பே, சமைக்கும் பையன் கரையில் நிற்கும் தாய்க்குக் கையசைப்பான். நள்ளிரவு கடந்ததும் முதற்பொறி உறுமத் தொடங்கும்.